வானும் கடலும் ஏன் நீலம்? – சர் சி.வி. இராமன்

மேகமில்லாத நண்பகலில் அண்ணாந்து பார்த்தால் வானம் நீலமாகத் தெரிகிறது. மாலையில் அதே வானம் அடிவானத்தருகே செந்நிறம் கொள்கிறது. காற்றுக்கு நிறம் இல்லை. சூரிய ஒளியோ வெண்மையானது. அப்படியிருக்க, இந்த நீலமும் சிவப்பும் எங்கிருந்து வருகின்றன? கடல்நீரைக் குவளையில் அள்ளிப் பார்த்தால் அது நிறமற்றுத் தெளிவாக இருக்கிறது. ஆனால், ஆழ்கடல் மட்டும் ஏன் நீலமாகக் காட்சி தருகிறது?

இத்தகைய கேள்விகளைச் சிறு வயதில் கேட்காதவர் குறைவு. வளர்ந்த பிறகும் விடாமல் கேட்டு, விடை காணும்வரை உழைத்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் சர் சி.வி. இராமன். கடலின் நிறத்தைப் பற்றி அவர் எழுப்பிய ஒரு கேள்வி, ஏழு ஆண்டு ஆராய்ச்சிக்குப்பின் உலகமே வியந்த கண்டுபிடிப்பாக மலர்ந்தது.

இளமையும் கல்வியும்

சந்திரசேகர வெங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளுள் இராமன் இரண்டாமவர். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். வயலின் வாசிப்பதிலும் ஆர்வம் உடையவர். வீட்டில் நூல்களுக்குக் குறைவில்லை. எனவே, அறிவியலும் இசையும் இராமனுக்கு இளமையிலேயே அறிமுகமாயின. பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட ஆராய்ச்சிகளில் இவ்விரண்டும் இணைந்தே வந்தன.

இராமன் சிறுவனாக இருந்தபோது தந்தையாருக்கு விசாகப்பட்டினத்தில் விரிவுரையாளர் பணி கிடைத்தது. குடும்பம் அந்தக் கடற்கரை நகரில் குடியேறியது. அங்கே பள்ளிக்கல்வி பெற்ற இராமன், 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். உடல் மெலிந்து, வயதிலும் மிக இளையவராக இருந்த அவரைக் கண்டு, இவர் கல்லூரி மாணவர்தாமா என்று ஆசிரியர்களே ஐயுற்றதுண்டு. 1904ஆம் ஆண்டில் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றபோது, அந்த ஐயம் நீங்கியது.

முதுகலை படிக்கும்போதே இராமன் தாமாக ஆய்வுகள் செய்யத் தொடங்கினார். அக்காலத்தில் கல்லூரி ஆய்வுக்கூடம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகவே இருந்தது. புதியதைக் கண்டறியும் இடமாக அதை யாரும் எண்ணவில்லை. அங்கிருந்த எளிய கருவிகளைக் கொண்டே, செவ்வக வடிவ இடைவெளி வழியாகச் செல்லும் ஒளி எவ்வாறு வளைகிறது என்பதை இராமன் ஆராய்ந்தார். 1906ஆம் ஆண்டில் அவருடைய கட்டுரை இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 18.

இத்துணைத் திறமை பெற்றவரை மேற்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பலாம் என ஆசிரியர்கள் விரும்பினர். ஆனால், அவரைச் சோதித்த அரசு மருத்துவர், அந்நாட்டின் குளிரை இவருடைய உடல் தாங்காது என்று கூறிவிட்டார். அயல்நாட்டுப் படிப்புக் கனவு அத்துடன் முடிந்தது. இந்தியாவிலோ அன்று அறிவியல் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டு வாழ வழியில்லை. படித்த இளைஞர்களுக்கு அரசாங்க வேலையே உயர்ந்த இலக்காக இருந்தது. இராமனும் நிதித்துறைத் தேர்வு எழுதினார். அதிலும் முதலிடம் பெற்றார். 1907ஆம் ஆண்டில் உலோகசுந்தரி அம்மாளை மணந்துகொண்டு, கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகப் பணியில் சேர்ந்தார்.

பகலில் கணக்கு, இரவில் ஆராய்ச்சி

நல்ல ஊதியம், சமூகத்தில் மதிப்பு, உயர் பதவிக்கு வாய்ப்பு ஆகிய அனைத்தும் 18 வயதிலேயே இராமனுக்குக் கிடைத்துவிட்டன. ஆயினும், அவர் மனம் நிறைவு பெறவில்லை. ஒருநாள் டிராம் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது, பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876ஆம் ஆண்டில் தொடங்கிய அமைப்பு அது. இந்தியர்கள் தங்கள் சொந்த முயற்சியில் அறிவியல் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. கட்டடமும் ஆய்வுக்கூடமும் இருந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. இராமன் உள்ளே சென்று தம் விருப்பத்தைத் தெரிவித்தார். கழகத்தார் அவரை மகிழ்ச்சியோடு வரவேற்றனர்.

அன்று முதல் இராமனின் நாள் இரண்டாகப் பிரிந்தது. விடியற்காலையில் ஆய்வுக்கூடத்துக்குச் செல்வார். பிறகு வீடு திரும்பி, உணவருந்தி, அலுவலகம் போவார். மாலையில் அலுவலகம் முடிந்ததும் நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்து இரவுவரை அங்கேயே இருப்பார். இடையில் இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகிச் சென்ற காலம் தவிர, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவர் இவ்வாறே உழைத்தார். அலுவலகப் பணியிலும் குறை வைக்கவில்லை. மேலதிகாரிகளின் பாராட்டையும் பெற்றார்.

அக்காலத்தில் இசைக்கருவிகள் எழுப்பும் ஒலியை அவர் விரிவாக ஆராய்ந்தார். வயலின், வீணை, மிருதங்கம், தபலா ஆகியவை அவருடைய ஆய்வுக்கூடத்தில் இடம்பெற்றன. பொதுவாகத் தோற்கருவிகளிலிருந்து ஓசை பிறக்கும். வீணையின் நரம்பைப்போல் தெளிவான சுருதி பிறப்பதில்லை. ஆனால், மிருதங்கமும் தபலாவும் மட்டும் சுருதியோடு ஒலிக்கின்றன. அவற்றின் தோலின் நடுவே பூசப்படும் கருநிறப் பசையே அதற்குக் காரணம் என்பதை இராமன் விளக்கிக் காட்டினார். நம் முன்னோர் செவியால் உணர்ந்து செய்துவைத்த ஒன்றின் அறிவியல் காரணம் அதனால் விளங்கியது.

துணிந்து எடுத்த முடிவு

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய அசுதோஷ் முகர்ஜி, இராமனின் உழைப்பைக் கவனித்து வந்தார். பல்கலைக்கழகத்தில் புதிதாக உருவாக்கப்பட்ட இயற்பியல் பேராசிரியர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பேராசிரியரின் ஊதியம், இராமன் அரசாங்கப் பணியில் பெற்றதில் ஏறத்தாழப் பாதிதான். அரசாங்கப் பணியில் தொடர்ந்தால் மிக உயர்ந்த பதவிகளை அவர் எட்டியிருக்கக்கூடும். குடும்பப் பொறுப்பு உள்ள ஒருவர் இப்படிப்பட்ட வேலையை விடுவது அறிவீனம் என்றே அன்று பலரும் கருதியிருப்பர்.

மற்றொரு சிக்கலும் எழுந்தது. அப்பதவியை ஏற்பவர் அயல்நாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சிக்காக அயல்நாடு செல்ல இராமன் இசையவில்லை. இந்தியாவில் இருந்தபடியே தரமான ஆராய்ச்சி செய்ய இயலும் என்பதை அவர் ஏற்கெனவே நிலைநாட்டியிருந்தார். இறுதியில் அவருக்காக அந்த விதி தளர்த்தப்பட்டது. 1917ஆம் ஆண்டில் இராமன் அரசாங்கப் பணியைத் துறந்து பேராசிரியர் ஆனார். ஊதியம் குறைந்தது, ஆனால், முழு நாளும் அறிவியலுக்கு உரியதாயிற்று.

வானத்தின் நீலம்

இராமன் அடுத்து என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள, வானத்தின் நிறத்தைப் பற்றி அன்று அறிவியலாளர்கள் அறிந்திருந்ததை நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெண்மையாகத் தோன்றும் சூரிய ஒளி உண்மையில் பல நிறங்களின் கலவை. வானவில்லில் அந்நிறங்களைப் பிரித்துக் காண்கிறோம். ஒளி அலையாகப் பரவுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலைநீளம் உண்டு. ஊதா, நீலம் ஆகிய நிறங்களின் அலைநீளம் குறைவு. சிவப்பு நிறத்தின் அலைநீளம் அதிகம். சூரிய ஒளி காற்றுமண்டலத்தில் நுழையும்போது காற்றின் மூலக்கூறுகள்மீது படுகிறது. அவை ஒளியின் ஒரு பகுதியை எல்லாத் திசைகளிலும் திருப்பிவிடுகின்றன. இதையே ஒளிச்சிதறல் என்கிறோம்.

எல்லா நிறங்களும் ஒரே அளவில் சிதறுவதில்லை. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் மிக விரைவாகக் கூடுகிறது. அலைநீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்காகும். இந்தக் கணக்கை 1871ஆம் ஆண்டில் வெளியிட்டவர் இங்கிலாந்து அறிவியலாளர் இரேலி பிரபு. இதன்படி, 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாகச் சிதறும். ஆகவே, சூரியன் இருக்கும் திசையைத் தவிர்த்து வேறெந்தத் திசையில் நோக்கினாலும், சிதறிய நீல ஒளியே மிகுதியாக நம் கண்ணை வந்தடைகிறது.

நீலத்தைவிட ஊதாவின் அலைநீளம் குறைவாயிற்றே, வானம் ஏன் ஊதாவாகத் தெரியவில்லை என்ற ஐயம் எழலாம். சூரிய ஒளியில் ஊதாவின் அளவு குறைவு. அதுவுமன்றி, நம் கண்ணும் ஊதா நிறத்தை அவ்வளவு எளிதாக உணர்வதில்லை. அதனால் வானம் நமக்கு நீலமாகவே தோன்றுகிறது.

மாலையில் சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது, அதன் ஒளி காற்றுமண்டலத்தின் ஊடே நண்பகலைவிடப் பல மடங்கு நீண்ட தொலைவு கடந்து வருகிறது. வரும் வழியிலேயே நீல ஒளி பெரும்பாலும் சிதறிப் போகிறது. எஞ்சிய செம்மஞ்சளும் சிவப்பும் நம்மை எட்டுகின்றன. காற்றே இல்லாத நிலவில் ஒளியைச் சிதறடிக்க எதுவுமில்லை. அங்குப் பகலிலும் வானம் கருமையாகவே காணப்படுகிறது. நம் வட்டாரத்தில் புகைமூட்டம் சூழும் நாள்களில் வானம் வெளுத்துத் தெரிவதைப் பார்த்திருப்போம். புகையில் உள்ள துகள்கள் காற்றின் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால் நீலம் மறைந்துவிடுகிறது.

வானத்தின் நிறம் இவ்வாறு விளங்கியது. கடலின் நிறத்துக்கோ இரேலி பிரபு எளிய விடை ஒன்றைக் கூறியிருந்தார். வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது. அதனால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்பது அவர் கருத்து. அவர் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். எனவே, அவ்விடையைப் பெரும்பாலோர் அப்படியே ஏற்றுக்கொண்டனர்.

கப்பலில் எழுந்த ஐயம்

1921ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் நடைபெற்ற பல்கலைக்கழக மாநாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சார்பில் கலந்துகொள்ள இராமன் இங்கிலாந்து சென்றார். இங்கிலாந்து செல்ல உடல்தகுதி இல்லை என மருத்துவர் ஒதுக்கியவர், தம் 32ஆம் வயதில் ஓர் அறிஞராக அந்நாட்டில் கால்பதித்தார். இலண்டனில் உள்ள தூய பவுல் பேராலயத்தின் வட்ட மாடத்தில் மெல்லப் பேசினாலும் எதிர்ப்புறத்தில் தெளிவாகக் கேட்கும். பார்வையாளர்கள் அதைக் கேட்டு வியந்து செல்வது வழக்கம். இராமன் அதன் காரணத்தையும் அங்கேயே ஆராய்ந்தார்.

நாடு திரும்பும்போது அவர் நர்குண்டா என்னும் கப்பலில் பயணம் செய்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே இத்துணை அடர்ந்த நிறத்தைத் தர இயலுமா என்று அவர் ஐயுற்றார். ஐயத்தோடு நின்றுவிடாமல் அதைச் சோதிக்கவும் முனைந்தார். அவரிடம் நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவி இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுக் குறிப்பிட்ட கோணத்தில் திரும்பிவரும் ஒளியை இக்கருவியால் தடுத்துவிடலாம். கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி அவர் அதன் வழியாகக் கடலை நோக்கினார். பிரதிபலித்த ஒளி மறைந்தது. இரேலி பிரபுவின் விடை சரியானால் கடலின் நீலமும் உடன் மறைந்திருக்க வேண்டும். ஆனால், கடல் முன்னிலும் அடர்ந்த நீலமாகத் தெரிந்தது.

அந்த நீலம் கடலின் உள்ளிருந்தே வருகிறது என்பது தெளிவாயிற்று. காற்றின் மூலக்கூறுகளைப்போலவே நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று இராமன் முடிவு செய்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும், இதைப் பற்றி இலண்டனில் வெளிவரும் நேச்சர் இதழுக்குக் கடிதம் அனுப்பினார். நீர், சிவப்பு ஒளியைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. எனினும், பேரறிஞர் சொன்னது என்பதற்காகவே ஒன்றை ஏற்றுக்கொள்ளாமல், கையிலிருந்த சிறு கருவியைக் கொண்டு இராமன் செய்த சோதனை பெரிய ஆராய்ச்சிக்கு வாயில் திறந்தது.

புதிய ஒளி

கல்கத்தா திரும்பிய இராமன், தம் மாணவர்களோடு ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் முழுமூச்சாக இறங்கினார். நீர், பனிக்கட்டி, பல வகைத் திரவங்கள் ஆகியவற்றின் வழியே ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தனர். 1923ஆம் ஆண்டில் அவருடைய மாணவர் கே.ஆர். இராமநாதன் ஒரு புதுமையைக் கவனித்தார். சிதறிய ஒளியில், உள்ளே செலுத்தாத வேறொரு நிறம் மிக மங்கலாகத் தெரிந்தது. திரவத்தில் கலந்துள்ள மாசு காரணமாக இருக்குமோ என்று கருதி, திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினர். ஆயினும், அந்த மங்கிய நிறம் மறையவில்லை.

சிதறும்போது ஒளியின் திசைதான் மாறும், நிறம் மாறாது என்பதே அதுவரை நிலவிய கருத்து. அக்கருத்து தவறாக இருக்கலாமோ என்ற எண்ணம் இராமனுக்கு வலுப்பெற்றது. 1928ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தமிழகத்தைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் என்னும் இளம் ஆய்வாளர் இராமனோடு சேர்ந்து இரவுபகலாக இச்சோதனைகளில் ஈடுபட்டார்.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது. சூரிய ஒளியைக் குவித்து, நீல ஊதா ஒளியை மட்டும் விடும் கண்ணாடி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினர். சிதறி வரும் ஒளியைக் காண வேறொரு நிறக் கண்ணாடியைப் பயன்படுத்தினர். அது நீல ஊதாவைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும். ஒளியின் நிறம் மாறாவிட்டால், இரண்டாம் கண்ணாடிக்குப் பின்னால் இருள்தான் தெரிய வேண்டும். ஆனால், அங்கு மங்கிய ஒளிக்கீற்று ஒன்று தெரிந்தது. ஒரு திரவத்தில் அன்று, சோதித்த பல திரவங்களிலும் அது தெரிந்தது.

1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், சூரிய ஒளிக்குப் பதிலாகப் பாதரச விளக்கின் ஒளியைச் செலுத்தி, சிதறிய ஒளியை நிறமாலைக்காட்டி வழியாக ஆராய்ந்தனர். செலுத்திய ஒளிக்குரிய கோட்டை விட்டு விலகி, புதிய கோடுகள் தெளிவாகத் தோன்றின. ஐயத்துக்கு இனி இடமில்லை. ஒளி சிதறும்போது அதன் மிகச் சிறு பகுதி நிறம் மாறுகிறது என்பது உறுதியாயிற்று. மறுநாளே இச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இதுவே இராமன் விளைவு என்று பெயர் பெற்றது. அதே காலத்தில் மாஸ்கோவில் மண்டெல்ஷ்டாம், லாண்ட்ஸ்பெர்க் என்னும் இரு அறிவியலாளர்களும் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தனர். ஆனால், இராமனின் அறிக்கையே முந்தி வெளியானது. காலம் தாழ்த்தியிருந்தால் அந்தப் பெருமை அவர் கையைவிட்டுப் போயிருக்கும்.

இந்நிற மாற்றத்துக்குக் காரணம் என்ன? மூலக்கூறுகள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒளி ஒரு மூலக்கூற்றின்மீது படும்போது, சில சமயம் தன் ஆற்றலில் சிறிதளவை அதற்குக் கொடுத்துவிடுகிறது. சில சமயம் அதனிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. ஆற்றல் மாறும்போது அலைநீளமும் மாறுகிறது; எனவே, நிறமும் மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது ஒவ்வொரு பொருளின் மூலக்கூற்றையும் பொறுத்தது. ஆகவே, மனிதரைக் கைரேகையால் அறிவதுபோல், ஒரு பொருளை அது சிதறடிக்கும் ஒளியைக் கொண்டே அடையாளம் காணலாம். பொருளை உடைக்கவோ கரைக்கவோ தேவையில்லை. மருந்தின் தரத்தைச் சோதிக்கவும், உண்மையான இரத்தினக் கற்களைப் போலிகளிலிருந்து பிரித்தறியவும், பழைய ஓவியங்களின் வண்ணங்களை ஆராயவும் இன்று இராமன் விளைவு பயன்படுகிறது.

நோபல் பரிசு

1929ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு இராமனுக்குச் சர் பட்டம் வழங்கியது. மறு ஆண்டு நோபல் பரிசு தமக்கே கிடைக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். பரிசு அறிவிக்கப்படும் முன்னரே, தமக்கும் தம் துணைவியாருக்கும் சுவீடன் செல்லக் கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார். நம்பிக்கை வீண்போகவில்லை. 1930ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அறிவியல் துறையில் நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே.

ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த பரிசளிப்பு விழாவில் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுக் கொடியின் கீழ் அமர்ந்திருந்தனர். இந்தியா அப்போது விடுதலை பெறாத நாடு. இராமன் அமர்ந்திருந்த இடத்தின் மேல் ஆங்கிலேயரின் கொடியே பறந்தது. தம் நாட்டுக்கென ஒரு கொடிகூட இல்லையே என்ற எண்ணம் அவரைக் கலங்கச் செய்தது. மகிழ்ச்சியின் உச்சியில் தாம் கண்ணீர் சிந்தியதைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பெங்களூர் ஆண்டுகள்

1933ஆம் ஆண்டில் இராமன் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். அடுத்த ஆண்டு இந்திய அறிவியல் அகாடமியை நிறுவினார். ஆயினும், நிருவாகம் அவருக்கு எளிதாக அமையவில்லை. மனத்தில் பட்டதை வெளிப்படையாகப் பேசுபவர், எளிதில் விட்டுக்கொடுக்காதவர் என்பதால் கருத்து வேறுபாடுகள் மிகுந்தன. 1937ஆம் ஆண்டில் அவர் இயக்குநர் பதவியைத் துறந்தார்; பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார்.

மேதைகளும் தவறு செய்வதுண்டு. இராமன் இயக்குநராக இருந்தபோது, கமலா சோஹனி என்னும் மாணவி அந்நிறுவனத்தில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதைக் காரணம் காட்டி இராமன் முதலில் அவரைச் சேர்க்க மறுத்தார். கமலா பின்வாங்கவில்லை, உரிமைக்காக உறுதியோடு வாதாடினார். ஓராண்டுக்காலம் சோதித்துப் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு அவருக்கு இடம் கிடைத்தது. அவருடைய உழைப்பைக் கண்ட இராமன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கமலா பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சோதனைக்குப்பின் கருத்தை மாற்றிக்கொள்வது அறிவியலின் பண்பு. அது மனிதரைப் பற்றிய கருத்துக்கும் பொருந்தும் என்பதை இராமன் தம் மாணவியிடமிருந்து கற்றார்.

1948ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற இராமன், வீட்டில் ஓய்ந்திருக்கவில்லை. நன்கொடை திரட்டி இராமன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே வைரங்கள், தாதுக்கள், மலர்களின் நிறங்கள், கண்ணின் பார்வை எனத் தம் மனத்துக்குப் பிடித்தவற்றையெல்லாம் ஆராய்ந்தார். 1954ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கிச் சிறப்பித்தது.

மாணவர்களோடு பேசுவதில் அவருக்கு அளவற்ற விருப்பம். 1968ஆம் ஆண்டில், 80 வயதை அடைந்த பிறகும், அகமதாபாத் நகரில் நடந்த ஒரு விழாவில் வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்னும் தலைப்பில் உரையாற்றினார். எத்தனையோ கடினமான பொருள்களைப் பற்றிப் பேசக்கூடியவர், சிறுவரும் கேட்கும் அந்தக் கேள்வியையே தேர்ந்தெடுத்தார். பகலில் நீலமாக இருக்கும் வானம் முழுநிலவு இரவில் ஏன் அவ்வாறு தெரிவதில்லை என்பது போன்ற கேள்விகளையும் எழுப்பி, படிப்படியாக விடையை நோக்கி அழைத்துச் சென்றார். நிலவொளியிலும் வானம் நீலமாகத்தான் இருக்கிறது. அந்த ஒளி மிகவும் மங்கலாக இருப்பதால் நம் கண்ணால் நிறத்தை உணர முடிவதில்லை.

1970ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் நினைவாகத் தம் நிலையத்தில் ஆண்டுதோறும் ஆற்றும் உரையை அவர் ஆற்றினார். மனிதர் ஒலியைக் கேட்கும் விதம் பற்றியது அவ்வுரை. அதுவே அவருடைய கடைசி உரையாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் பெங்களூரில் காலமானார். அவர் விரும்பி வளர்த்த பூந்தோட்டம் சூழ்ந்த ஆராய்ச்சி நிலைய வளாகத்திலேயே அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1983ஆம் ஆண்டில், அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகரும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இராமன் விளைவு கண்டறியப்பட்ட பிப்ரவரி 28ஆம் நாளை இந்தியா தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறது. விலையுயர்ந்த கருவிகளும் பெரிய ஆய்வுக்கூடமும் இருந்தால்தான் அறிவியலில் சாதிக்க முடியும் என எண்ணுவோருக்கு இராமனின் வாழ்க்கை நல்ல மறுமொழி. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பட்டகம், சில நிறக் கண்ணாடிகள், ஒரு விளக்கு, சூரிய ஒளி ஆகியவையே அவருக்குப் பெருமளவில் துணைநின்றன. அவற்றைவிட முக்கியமான ஒன்றும் அவரிடம் இருந்தது. எல்லாரும் நாள்தோறும் காணும் நீலத்தை அவரும் கண்டார். அதன் காரணம் விளங்கும்வரை கேள்வியை அவர் கைவிடவில்லை.